செக்குமாடும் ஊசிமுனையும்

எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு பிள்ளை இருப்பான். துண்டை மடித்தால் நேற்று மடித்த மாதிரியேதான் மடிப்பான். பள்ளிக்கூடம் போகிற நாளில் எந்தத் தெரு வழியாகப் போனானோ, அங்கே பள்ளம் வெட்டிப் போட்டிருந்தாலொழிய வேறு தெருவில் கால் வைக்க மாட்டான். கடைக்கு அனுப்பினால் சீட்டில் எழுதிய வரிசைப்படியே சாமான் வாங்குவான். துவரம்பருப்பு இல்லையென்றால் பாசிப்பருப்பு வாங்கலாமே என்று அவனுக்குத் தோன்றாது. திரும்பி வந்து கேட்டுவிட்டுப் போவான். "சாமர்த்தியம் போதாது" என்று பெரியவர்கள் ஒரு பெருமூச்சோடு தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

நம் பாஷையும் அந்தத் தீர்ப்புக்கு ஒத்தாசை செய்கிறது. செக்குமாடு என்கிறோம், கிளிப்பிள்ளை என்கிறோம், அரைத்த மாவையே அரைக்கிறான் என்கிறோம். வகுத்த வழியில் ஒழுங்காக நடப்பவனைப் பாராட்ட மட்டும் அவ்வளவு சுலபமாக ஒரு வார்த்தை வாயில் வருவதில்லை.

கதை எழுதுகிறவர்களுக்கும் இந்தப் பிள்ளையிடம் அக்கறை கிடையாது. முறையை மீறுகிறவன்தான் எங்களுக்குக் கதாநாயகன். மணி அடித்ததும் வேலைக்குப் போய், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துவிட்டு வீடு திரும்புகிறவனை வைத்து நாவல் எழுதினால், இரண்டாம் அத்தியாயத்தில் வாசகர் கொட்டாவி விடுவார். அந்த மனிதனைப் பற்றிக் கட்டுரையிலாவது நாலு வார்த்தை சொல்ல வேண்டாமா?

என் தங்கை மகன் அந்த ரகம். தங்கையைக் காங்கேயத்துப் பக்கம் கொடுத்திருக்கிறது. மைத்துனருக்குக் கொப்பரை வியாபாரம். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. எதிராளியின் முகத்தைப் பார்த்தே கிலோவுக்கு நாலு ரூபாய் ஏற்றவோ இறக்கவோ தெரிந்திருக்க வேண்டிய தொழில். மகனை உலர்களத்தில் வைத்துப் பார்த்தார். கொப்பரையைத் தரம் பிரிக்கச் சொன்னால் பையன் ஒரு தப்பில்லாமல் பிரித்தான். விலை பேசச் சொன்னால், நோட்டில் எழுதியிருந்த விலையை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு செல்போன் கடையில் விற்பனை வேலை. அது நாலு மாதம் தாங்கியது.

"இவன என்னண்ணா பண்றது? பையன் நல்லவன், ஆனா பொழைக்கத் தெரியலீங்களே!" என்று தங்கை என்னிடம் வருத்தப்பட்டாள்.

அவனோ யாரையும் கேட்காமல் திருப்பூருக்குப் பஸ் ஏறி, ஒரு பனியன் கம்பெனியில் 'செக்கிங்' வேலையில் சேர்ந்துவிட்டான். இது நடந்து ஆறு வருஷமாகிறது.

பிழைக்கத் தெரியாத பிள்ளை திருப்பூருக்கா போனான் என்று கொங்கு நாட்டில் யாரும் சிரிப்பார்கள். ஏனென்றால் அந்த ஊரின் புராணமே வேறு. 1920-களில் சில பின்னல் இயந்திரங்களோடு தொடங்கிய பனியன் தொழில், உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் தைத்து வளர்ந்தது. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வந்து சரக்குக் கேட்டதிலிருந்து வெளிநாட்டுக் கதவு திறந்தது என்பார்கள். 2024-25 நிதியாண்டில் அந்த ஊரின் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். இந்த வளர்ச்சியில் ஊர் மிகவும் பெருமைப்படுவது ஒரு விஷயத்தைப் பற்றி: நேற்றுக் கூலிக்குத் தைத்தவன், இன்றைக்கு முதலாளி. நாலு மிஷினைக் கடனுக்கு வாங்கிப் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்து, ராத்திரி பகல் பாராமல் உழைத்து மேலே வந்தவர்களின் கதை டீக்கடைக்கு ஒன்று கிடைக்கும். பொய்க் கதைகளல்ல, நிஜமாகவே அப்படி எழும்பிய ஊர் அது. ஆகவே பத்து வருஷம் வேலை பார்த்தும் ஒருவன் தொழிலாளியாகவே இருந்தால், அவனிடம் ஏதோ குறை இருக்கிறதென்று அந்த ஊர் நினைக்கிறது.

அந்தப் புராணத்தில் இடம் பெறாத மனிதர்களைப் பார்க்கத்தான் நான் சில நாள் அங்கே போய்த் தங்கினேன். மருமகன் தன் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஊர் சுற்றிக் காட்டினான். தெரிந்தவர்கள் மூலம் சில கம்பெனிகளுக்குள்ளும் போய் வந்தேன்.

நீங்கள் பத்து நிமிஷத்தில் தேர்ந்தெடுத்து வாங்கும் ஒரு பனியன், எத்தனை எழுதி வைத்த முறைகளைக் கடந்து வருகிறது தெரியுமா? பின்னி வந்த துணியை விளக்கு வைத்த சாய்மேஜையில் ஓட விட்டு ஒருவர் பார்க்கிறார். நூல் விடுபட்ட இடம், எண்ணெய்க் கறை எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. குறையின் நீளம் 3 அங்குலத்துக்குள் என்றால் 1 புள்ளி. 6 அங்குலம் வரை 2. 9 வரை 3. அதற்கு மேல் 4. 100 சதுர கஜத்துக்கு 40 புள்ளியைத் தாண்டினால், அந்தத் துணி உதவாது என்று ஒதுக்குவது பொதுவான வழக்கம். நல்ல துணி, கெட்ட துணி என்ற அபிப்பிராயத்துக்கு அங்கே வேலையில்லை. எண்ண வேண்டும், எழுத வேண்டும்.

பின்னல் துணிக்கு ஒரு சுபாவம் உண்டு. சுருளாக இழுத்துச் சுற்றி வைத்ததை அவிழ்த்தவுடன் அது மெல்லச் சுருங்கித் தன் இயல்பான அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அதனால் வெட்டுவதற்கு முன்னால், அதைத் தளர விரித்துப் பல மணி நேரம் சும்மா கிடக்க விடுகிறார்கள். அவசரப்பட்டு வெட்டினால், வெட்டும்போது சரியாயிருந்த அளவு தைக்கும்போது குறைந்திருக்கும். ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதும் அங்கே ஒரு வேலைதான்.

பிறகு ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், அயனிங், பேக்கிங். கடைசியில் பரிசோதகர் வருவார். 501-லிருந்து 1,200 உருப்படிக்குள் உள்ள சரக்கானால் 80 உருப்படியை அங்கங்கே கலந்து எடுப்பார். கம்பெனிகளில் சர்வசாதாரணமாக வழங்கும் 2.5 அளவுகோலின்படி, அந்த 80-ல் 5 பிழை வரை இருந்தால் சரக்குத் தேறும். 6 இருந்தால் தேறாது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே சிரிப்பு, சிபாரிசு, காபி எதுவும் புகக் கூடாது.

மைத்துனர் களத்தில் உதவாது போன அந்தச் சுபாவம், நோட்டில் எழுதிய விலையை மாற்றிச் சொல்லத் தெரியாத அந்தச் சுபாவம், இங்கே எதற்கு வேண்டியிருக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஜான் ஹாலண்ட் என்று ஓர் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் இருந்தார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது ராணுவத்தில் ஆட்களைப் பேட்டி கண்டு வகை பிரிக்கும் வேலையில் இருந்தவர். யாருக்கு எந்த உத்தியோகம் பொருந்தும் என்பதைப் பற்றி 1959-ல் ஒரு கட்டுரை எழுதி, சுபாவங்களை ஆறாகப் பிரித்தார். ஆராய்கிறவர்கள், கலைஞர்கள், பிறரை வசப்படுத்துகிறவர்கள் என்று போகும் அந்த வரிசையில், வகுத்த ஒழுங்கில் வேலை செய்வதில் நிம்மதி காண்பவர்களுக்கும் சம ஆசனம் கொடுத்திருக்கிறார். இது ஒரு குறையல்ல, ஒரு வகை. நம் வீடுகளில் அந்த ஆசனத்தைத்தான் திண்ணையில் போட்டுவிட்டோம்.

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். "சரிதான் ஐயா, சொன்னபடி கேட்கிற ஆள் கிடைத்தால் எந்த முதலாளிக்குத்தான் கசக்கும்? அடங்கிக் கிடப்பதற்கு இவ்வளவு பெருமையா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மருமகன் சொன்ன ஒரு சம்பவம் அதற்குப் பதில் சொல்கிறது. கம்பெனியின் பெயர் வேண்டாம். அவன் இப்போது அங்கே இல்லை.

குழந்தைகளுக்கான உடை தைக்கிற கம்பெனி அது. தைக்கும்போது ஊசி உடைவது அன்றாடம் நடப்பது. உடைந்த துண்டு துணிக்குள் தங்கிவிட்டால், எங்கோ ஒரு தேசத்தில் ஒரு கைக்குழந்தையின் கழுத்தில் அது குத்தும். அதற்காக ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஊசி உடைந்தால் டெய்லர் மிஷினை நிறுத்தி, எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி எடுத்து ஊசி மேஜைக்குக் கொண்டு வர வேண்டும். அங்கே இருப்பவர் துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, தேதி, நேரம், மிஷின் எண் எழுதிப் பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி கொடுப்பார். ஒரு துண்டு குறைந்தாலும் அங்கே இருக்கும் உருப்படிகளையெல்லாம் ஒதுக்கி வைத்துச் சோதிக்க வேண்டும். செக்கிங்கில் இரண்டு வருஷம் இருந்த பையனை அந்த ஊசி மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் இரவு பத்து மணி. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரி வாசலில் நிற்கிறது. கடைசிக் கட்டுகள் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓர் ஊசி உடைந்தது. முனை மட்டும் கிடைக்கவில்லை. கால் மணி நேரம் தேடிவிட்டு மேற்பார்வையாளர் வந்தார்.

"தம்பி, ஊசியக் குடு. முனை காலைல கூட்டறப்பக் கிடைச்சிரும். அப்ப ஒட்டிக்கலாம்."

"முனை வராமக் குடுக்க முடியாதுங்க."

"லாரி நிக்குது, கண்ணு தெரியலயா?"

"தெரியுதுங்க. அந்தக் கட்ட மட்டும் எடுத்து வெச்சிரலாங்க. மத்தது போகட்டுங்க."

மேற்பார்வையாளர் சத்தம் போட்டார். பிறகு மானேஜர் வந்து சத்தம் போட்டார். இவன் ஊசிப் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எதிர்த்துப் பேசவில்லை. நோட்டில் எழுதிய விலையைச் சொன்ன மாதிரி, சொன்னதையே திரும்பச் சொன்னான். கடைசியில் அந்தக் கட்டை ஒதுக்கிவிட்டு, ஒன்றரை மணி நேரம் தாமதமாக லாரி கிளம்பியது. மறுநாள் காலையில் கூட்டுகிற அம்மாள் மிஷினுக்கு அடியில், நூல் குப்பைக்குள்ளிருந்து அந்த முனையை எடுத்துக் கொடுத்தாள். துணியில் இல்லை!

"பார்த்தாயா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று மேற்பார்வையாளர் கேலி செய்தாராம். அடுத்த வாரம் இவனை ஊசி மேஜையிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள். இரண்டு மாதத்தில் அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

"முனை துணியில் இல்லையே, உனக்குச் சங்கடமாக இல்லையா?" என்று கேட்டேன்.

அவனுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "எங்க இருக்குதுன்னு ராத்திரி யாருக்குங்க மாமா தெரியும்?" என்றான்.

யோசித்துப் பார்த்தால், விஷயம் முழுவதும் அதில் இருக்கிறது. முனை எங்கே கிடைத்தது என்பதை வைத்து அவன் செய்தது சரியா தப்பா என்று முடிவு கட்ட முடியாது. தெரியாத நேரத்தில் என்ன செய்வது என்பதற்காகத்தானே முறை என்று ஒன்றை வகுத்து வைக்கிறோம்? தெரிந்த பிறகு எல்லாரும் புத்திசாலிகள்.

முறைக்குக் கட்டுப்படுவது வேறு. ஆளுக்கு அடங்குவது வேறு. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தலை குனிந்துதான் இருக்கும். ஆனால் மேலே இருப்பவர் முறையை மீறச் சொல்லும்போது இரண்டும் பிரிந்துவிடும். ஆளுக்கு அடங்குகிறவன் உடனே ஊசியை எடுத்துக் கொடுப்பான். 'சாமர்த்தியசாலி' சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு, அந்தச் சலுகைக்குக் கணக்கும் வைத்துக்கொள்வான். செக்குமாடு என்று நாம் பேர் வைத்தவன்தான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான்.

திருப்பூரில் வட்டப் பின்னல் இயந்திரங்கள் ஓடும் கூடத்துக்குள் போனால் ஒரு காட்சி பார்க்கலாம். ஓடுகிற இழைகளில் ஒன்று அறுந்தால் போதும், விளக்கு எரிந்து இயந்திரம் தானாக நின்றுவிடும். இழை அறுந்தால் நிற்கும் தறியை உண்டாக்கிப் பெயர் பெற்றவர் ஜப்பானியரான சகிச்சி டொயோடா. 1924-ல் அவர் செய்து முடித்த தானியங்கித் தறியின் உரிமையை 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் கம்பெனி விலை கொடுத்து வாங்கியது. அவர் மகன் தொடங்கியதுதான் டொயோட்டா மோட்டார் கம்பெனி. தகப்பனாரின் தறி செய்ததை அந்தக் கார்த் தொழிற்சாலை மனிதனுக்கும் விரித்தது. வேலையில் பிழை கண்டால் சாதாரணத் தொழிலாளியே தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுத்து நிறுத்தச் சொல்லலாம். நாமோ நிற்கத் தெரிந்த இயந்திரத்தை இறக்குமதி செய்துகொள்கிறோம். நிறுத்தத் தெரிந்த மனிதனைப் பேக்கிங்குக்கு மாற்றுகிறோம்.

முறை எங்கே முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாயப் பட்டறையின் பரிசோதனைக் கூடத்தைப் போல ஒழுங்கான இடத்தை நான் பார்த்ததில்லை. துணியின் எடைக்கு இத்தனை சதவீதம் சாயம், இத்தனை உப்பு, இத்தனை சோடா, இவ்வளவு சூடு, இவ்வளவு நேரம் என்று கிராம் பிசகாமல் நிறுக்கிறார்கள். சாயமேறிய துண்டைப் பெட்டிக்குள் விதவிதமான விளக்கு வெளிச்சத்தில் மூலத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் பருத்திக்குச் சாயம் ஏற்ற அளந்து போட்ட அந்த உப்பு, துணியில் தங்குவதில்லை. கழிவு நீரோடு போய்விடும். எங்கே போகிறது என்பதற்கு நெடுங்காலம் சரியான முறை இல்லாமலிருந்தது. முறை பட்டறையின் சுவரோடு நின்றுவிட்டது. சுவருக்கு அப்பால் நொய்யல் ஆறு. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று கதறும்படி ஆயிற்று. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும் வரை சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே சமயத்தில் நின்றன. வேலை இழந்தவர்களில், உள்ளே கிராம் பிசகாமல் நிறுத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. பிற்பாடு, நீரையும் உப்பையும் பிரித்து மீட்டுத் திரும்ப உபயோகிக்கும் நிலையங்களோடுதான் தொழில் எழுந்தது. அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றுவதும் மணிக்கு மணி அளவு பார்த்து நோட்டில் எழுதுகிற மனிதர்கள்தான். அந்த நோட்டில் ஒருவன் பொய் எண் எழுதினால் ஆறு திரும்பவும் நிறம் மாறும்.

முறை என்று பேர் சூட்டிய எல்லாமே வணங்கத்தக்கதென்று நான் சொல்லவில்லை. இதே வட்டாரத்து நூற்பாலைகளில், இளம் பெண்களைச் சுமார் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் விடுதிக்குள் வைத்து, முடிவில் கலியாணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாடு நடந்தது. சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்களகரமான பெயர் வேறு! பாதியில் போனால் தொகை இல்லை. வெளியே போக அனுமதியில்லை. அதிலும் விதிகள் இருந்தன, நேரம் இருந்தது, பதிவேடு இருந்தது. ஆனால் அவை குழந்தையின் கழுத்தைக் காக்க வந்த விதிகளல்ல. பெண்ணின் காலைக் கட்ட வந்தவை. அதைப் போலவே, காலை எட்டரைக்குப் புகுந்து இரவு எட்டரைக்கு வெளியே வருவதற்கு 'ஒன்றரை ஷிப்ட்' என்று திருப்பூரில் பெயர். நாளடைவில் அதுவே வழக்கமாகிவிட்டது. முறையை விரும்புகிற பிள்ளை, வழக்கத்தையும் முறை என்று நம்பி முதுகொடிய உழைத்துவிடுவான். அவனுக்குள்ள ஆபத்து அதுதான்.

ஆகவே, வீட்டில் இப்படி ஒரு பிள்ளையோ பெண்ணோ இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அவர்களை வியாபாரத்தில் தள்ளிச் சாமர்த்தியம் கற்பிக்கப் பாடுபடாதீர்கள். துணி பார்ப்பது, அளவு பார்ப்பது, சாயம் நிறுப்பது, பதிவேடு காப்பது, இயந்திரத்தைக் குறித்த நாளில் பழுது பார்ப்பது என்று அவர்களுக்கென்றே வேலைகள் இருக்கின்றன. ஆனால் சேர்க்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இங்கே முறை எழுதி வைத்திருக்கிறதா, அல்லது மேற்பார்வையாளரின் வாயில்தான் இருக்கிறதா? முறைக்காக இவன் வேலையை நிறுத்தினால், இவன் பக்கம் யார் நிற்பார்கள்? வேலை நேரத்துக்கும் விடுப்புக்கும் கூலிக்கும் இதே கண்டிப்பான முறை உண்டா? சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியை நீங்களே கேட்டுவிடுவீர்கள். அதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

தங்கைக்கு இன்னும் ஒரு குறை உண்டு. "ஆறு வருசமாச்சு. கூடச் சேந்தவனெல்லாம் சொந்தமா மிஷின் போட்டுட்டான். இவன் எப்பத்தாண்ணா மொதலாளி ஆவான்?" என்று கேட்கிறாள். அவன் ஆக மாட்டான். அவனுக்கு அதில் ஆசையில்லை. புதுக் கம்பெனியில் இறுதிப் பரிசோதனையில் இருக்கிறான். முதலாளி ஆகத் துடிக்கிறவர்களுக்குத் திருப்பூரில் பஞ்சமில்லை. எண்பது உருப்படியைப் பிரித்துப் பார்த்து, ஆறாவது பிழை அகப்பட்டதும், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் 'தேறாது' என்று எழுதுகிற கைகளுக்குத்தான் பஞ்சம். அத்தகைய கைகள் எத்தனை இருக்கின்றனவோ, அத்தனை நாளைக்குத்தான் அந்த ஊரின் பெயர் பிற தேசத்துக் கடைகளில் நிற்கும்.